ஆட்டம் கீது

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு முப்பத்தைந்து வயது. மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் இரண்டு லேத்து போட்டுப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தேன். கோபம் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அதோடு ஒரு திமிரும் உண்டு. இன்னொருவன் முடியாது என்று திருப்பி அனுப்பிய வேலையைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். இந்த இரண்டு குணமும் சேர்ந்து ஒரு நல்ல மனுஷிக்கு என்ன செய்தன என்பதைத்தான் எழுதுகிறேன்.

அவர் கோபாலபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மயிலாப்பூர் குளத்துக்கு மேற்கே ஒரு தெருவில் அவரும் அவருடைய அப்பாவும் மட்டும் குடியிருந்தார்கள். அப்பா தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சரம்மா காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டு, அதன் பிறகும் விடாமல் ரைபிள் கிளப்பில் சேர்ந்து சுட்டுக்கொண்டிருந்தார். சொந்தமாக ஒரு சின்ன ரைபிளும் அதற்கு லைசென்சும் வைத்திருந்தார். மாமி மாதிரிப் புடவை கட்டிக்கொண்டு, தோளில் துப்பாக்கிப் பையோடு ரிக்‌ஷாவில் வந்து என் பட்டறை வாசலில் அவர் இறங்கியபோது, எதிரில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி எடைக்கல்லைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

டீச்சரம்மா கையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் பக்கம் இருந்தது. அதில் ஒரு ரைபிள் குழலின் முனையில் இன்னொரு குழாய் மாட்டியிருந்த படம். சினிமாவில் வில்லன்கள் சத்தம் வராமல் இருக்க மாட்டுவார்களே, அதுவா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். இது வெறும் காலிக் குழாய், சத்தமெல்லாம் குறையாது, குறி பார்க்கக் குழல் முனையில் இருக்கும் முன்காட்சியை இன்னும் ஒரு முழம் முன்னால் தள்ளி வைக்கத்தான் என்றார். என் சிமெண்டுத் தரையில் சாக்பீசால் இரண்டு முக்கோணம் போட்டார். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, முன்னால் ஒரு புள்ளி. இரண்டுக்கும் இடையில் தூரம் கூடக்கூடக் கை செய்யும் பிசகு குறையும். எட்டாவது படித்த எனக்கே புரிந்தது.

மவுண்ட் ரோட்டில் துப்பாக்கிக் கடைக்காரர் இந்த மாதிரி வேலை பார்த்ததே இல்லை, பார்த்தாலும் மூன்று மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டாராம். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் டீச்சரம்மா ஒன்றிரண்டு புள்ளியில் தவறிப் போயிருந்தார். இந்த வருஷம் விட்டால் அப்பாவைத் தனியே விட்டுவிட்டு ஞாயிறு ஞாயிறாக இதற்கு அலைவதில் அர்த்தமில்லை என்று அவரே சொன்னார். கடைக்காரர் முடியாது என்றார் என்ற இடத்திலேயே நான் வேலையை ஒப்புக்கொண்டுவிட்டேன். மீதியைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

துப்பாக்கியில் கை வைக்க எனக்கு லைசென்ஸ் கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கூடவே உட்கார்ந்திருக்கேன், ரைபிள் என் கண்ணை விட்டு நகராது என்று அவர் சொன்னார். அப்படியே மூன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒரு முக்காலியில் அமர்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டே காவல் இருந்தார்.

அலுமினியக் கலவையில் குழாயைக் கடைந்தேன். வேலையில் கஷ்டம் ஒன்றே ஒன்றுதான். குண்டு வரும் துளையும் இந்தக் குழாயும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் குண்டு வெளியே போகும்போது குழாயின் வாயில் இடிக்கும். இடித்தால் குறி தப்புவது மட்டும் இல்லை, குழாய் பிய்த்துக்கொண்டு பறக்கும். சுடுபவர்கள் பாய் போட்டு வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பார்கள். படத்தில் குழாயின் வாய் அகலமாகத்தான் இருந்தது. நான்தான் கெட்டிக்காரத்தனமாக அதை இறுக்கமாக வைத்தேன். பார்க்க அழகாக இருக்கும் என்று நினைப்பு.

லேத்தில் சுழலும் சாமான் மையத்தில் நிற்காமல் துள்ளினால், எங்கள் பாஷையில் அதற்கு ஆட்டம் என்று பேர். ஆட்டம் கீதா பாரு என்போம். டீச்சரம்மாவுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு சாயங்காலமும் உள்ளே வரும்போதே, "மேஸ்திரி, ஆட்டம் இருக்கா?" என்றுதான் கேட்பார்.

நேர் பார்ப்பதற்காகப் பென்சில் கனத்தில் ஒரு எஃகுக் கம்பி செய்திருந்தேன். ரைபிள் துளைக்குள் அதை இறுக்கமாக நுழைத்தால் முன்பக்கம் குழாய் வழியாக நுனி வெளியே வரும். நுனியைச் சுற்றி நாலு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தால் குழாய் நேராக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாகப் பொருத்தும்போது அந்தக் கம்பி மேஜையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. விழுந்த கம்பியைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார்க்காமல் உபயோகிக்கக் கூடாது. இதை நானே எத்தனையோ பேரிடம் கத்திச் சொல்லியிருக்கிறேன். குனிந்து எடுத்தேன். எடுக்கும்போது டீச்சரம்மா நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, "கடைக்காரர் மூணு மாசம்னார். நீங்க மூணு நாள்ல முடிச்சுட்டேளே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கம்பியைத் துணியில் துடைத்து அப்படியே துளைக்குள் விட்டேன். நுனிக்கு ஏற்றபடி குழாயை லேசாகத் தட்டி நகர்த்தி முடுக்கினேன். கம்பியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றியிருந்தாலும் நுனி காட்டிக் கொடுத்திருக்கும். சுற்றவில்லை.

"ஆட்டம் இல்லீங்க டீச்சரம்மா" என்றேன்.

அவர் ரைபிளைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். சுட்டுப் பார்க்க அவகாசம் கிடையாது. காலையில் ஒன்பது மணிக்குப் போட்டி தொடங்குவதற்கு முன் சில குண்டுகள் சரிபார்க்க விடுவார்கள், அதில்தான் பார்க்க வேண்டும் என்றார்.

ராத்திரி முழுக்க ஐப்பசி மழை கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையைத் துடைத்துச் சாமான்களுக்கு எண்ணெய் போட்டு வைப்பது என் வழக்கம். ஏழரை மணி இருக்கும். கம்பியைத் துடைத்தேன். பழக்கத்தில் கை தானாகவே அதைக் கண்ணாடித் தட்டில் உருட்டியது. கம்பி ஒழுங்காக உருளவில்லை. நொண்டியது. குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தேன். நுனிப் பக்கம் கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. திருப்பி உருட்டினேன். மறுபடியும் வெளிச்சம்.

கோணல் கம்பியை வைத்து நேர் பார்த்திருக்கிறேன். கம்பி எவ்வளவு வளைந்திருக்கிறதோ அவ்வளவும் குழாயில் ஏறியிருக்கிறது. குழாயின் வாயை வேறு நான் இறுக்கி வைத்திருக்கிறேன்.

எங்கள் சந்துக்கே ஒரு போன்தான், அண்ணாச்சி கடையில். ஓடினேன். டீச்சரம்மா நம்பரைச் சுற்றியபோது அவருடைய அப்பா எடுத்தார். மழையில் லைன் கரகரவென்றது.

"குளிச்சுண்டிருக்கா. விஷயத்தைச் சொல்லுங்கோ, சொல்லிடறேன்" என்றார்.

"ஆட்டம் கீதுன்னு சொல்லிடுங்க சார். அவங்களுக்குப் புரியும்" என்றேன்.

"ஆட்டம் இருக்கு. அவ்வளவுதானே? சொல்லிடறேன்."

போனை வைத்தேன். உயிர் திரும்பி வந்தது. டீச்சரம்மா குழாயைக் கழற்றிவிட்டு முன்காட்சியைப் பழைய இடத்திலேயே மாட்டிச் சுடுவார், அல்லது நேராக இங்கே வருவார், அரை மணியில் சரி செய்து கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து, அண்ணாச்சி கடை வாசலில் சார்ப்புக்கு அடியில் நின்று, அந்த ரிக்‌ஷா வருகிறதா என்று சந்து முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீயும் தீர்ந்தது. வரவில்லை. அண்ணாச்சி பருப்பை நிறுத்துக்கொண்டே சாவகாசமாகக் கேட்டார்.

"என்ன மேஸ்திரி, இந்த மழையில எங்க ஆட்டம்? கிரிக்கெட்டா?"

டம்ளர் கையிலிருந்து நழுவிவிட்டது. நான் யார் என்று பெரியவரிடம் சொல்லவில்லை. பட்டறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழை பெய்த காலையில், போட்டி நடக்குமா நடக்காதா என்று காத்திருக்கும் வீட்டுக்குப் போன் பண்ணி, ஆட்டம் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மறுபடி நம்பரைச் சுற்றினேன். லைன் செத்துப்போயிருந்தது. அண்ணாச்சியின் சைக்கிளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு ஓட்டினேன். குளத்தங்கரையில் முழங்கால் அளவு தண்ணீர். சைக்கிளை இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் நனைந்து மூச்சிரைக்க நின்றதைப் பார்த்து எழுந்துவிட்டார். டீச்சரம்மா எங்கே என்று கேட்டேன்.

"இப்பதான் டாக்சியிலே போனா. மழைக்கு மேட்ச் இருக்குமோ இருக்காதோன்னு தவிச்சுண்டிருந்தா. யாரோ போன் பண்ணி ஆட்டம் இருக்குன்னான்னு சொன்னேன். சந்தோஷமாக் கிளம்பிட்டா."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சரி சார் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பியிருக்க வேண்டும். என் புத்தி அப்படிப் போகவில்லை. என் தப்பையெல்லாம் கொட்ட ஒரு ஆள் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"கெடுத்துட்டீங்களே சார்" என்று கத்திவிட்டுக் கிளம்பினேன். அவர் முகம் எப்படி மாறியது என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுடும் இடம் அடையாறு பாலம் தாண்டி ஆற்றோரமாக, சவுக்கு மரங்களுக்குப் பின்னால் இருந்தது. வந்த வழியே திரும்பி, மந்தைவெளி தாண்டி, எதிர்க்காற்றில் மிதித்தேன். மழை நின்றுவிட்டிருந்தது. மழை நிற்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கொட்டினால் போட்டியை ஒத்திப்போட்டுவிடுவார்கள் என்று பாலத்தின் மேல் போகும்போது வேண்டிக்கொண்டேன். குழாய் பிய்ந்தால் எந்தப் பக்கம் பறக்கும் என்று மனசு படம் போட்டுக்கொண்டே வந்தது. ஒரு படத்தில் டீச்சரம்மாவின் கண், இன்னொன்றில் பக்கத்துப் பாயில் இருப்பவரின் கழுத்து.

வாசலில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. காவல்காரர் குறுக்கே கையை நீட்டினார்.

"கொடி ஏறிக்கீது நைனா. இப்போ யாரும் உள்ள போவக் கூடாது."

நிறுத்தச் சொல்லுப்பா, ஒருத்தர் துப்பாக்கி சரியில்லை என்று கெஞ்சினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எண்ணெய்க் கறை படிந்த சட்டை, முழங்கால் வரை சேறு. உள்ளே சவுக்கு மரங்களுக்கு அப்பால் டப், டப் என்று சத்தம் ஆரம்பித்தது. எது அவருடையது என்று தெரியாமல் எல்லாச் சத்தத்தையும் எண்ணினேன். ஏழாவதோ எட்டாவதோ ஒரு சத்தம் வேறு மாதிரி வந்தது. டப் என்பதோடு தகரத்தில் அடித்த மாதிரி ஒரு ஒலி. அப்புறம் ஒரு விசில். எல்லாம் நின்றுவிட்டது.

கொடி இறங்கியதும் காவல்காரரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். டீச்சரம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவர் பாயில் கிடந்த ரைபிளின் முனை மொட்டையாக இருந்தது. குழாய் வலது பக்கத்துப் பாயில் கிடந்தது. அங்கே படுத்திருந்த ஒரு டாக்டரின் முழங்கைக்கு நாலு விரல் தள்ளிப் பாய் கிழிந்திருந்தது. அந்த டாக்டர் உட்கார்ந்து கிழிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று அவரே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளப்பின் காரியதரிசி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் நோட்டோடு வந்து, இதை மாட்டியது யார் என்று கேட்டார்.

"நானேதான் சார் மாட்டினேன். பத்திரிகையிலே படம் பார்த்து எங்காத்துலயே மாட்டினேன். தப்புதான்" என்றார் டீச்சரம்மா. குரலில் நடுக்கமே இல்லை.

காரியதரிசி கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். இன்றைக்கு நீங்கள் சுட முடியாது, அடுத்த தடவை எதை மாட்டினாலும் முதலில் எங்களிடம் காட்டிவிட்டு மாட்டுங்கள் என்றார். எழுதிக்கொண்டு நோட்டை மூடினார். அவ்வளவுதான். அந்த வருஷம் போனது போனதுதான், ஆனால் அதோடு முடிந்துபோயிருக்கும்.

நான் முன்னால் போய் நின்றேன்.

"சார், அவங்க பொய் சொல்றாங்க. நான்தான் மாட்டினேன். என் பட்டறையில."

அந்த நிமிஷம் அதை மனசாட்சி என்றுதான் நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து யோசித்தால் அவ்வளவு உத்தமமாகத் தெரியவில்லை. ஒரு பெண் எனக்காகப் பொய் சொல்லி நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று பேர் வரக் கூடாது. நான் நேரானவன் என்று அத்தனை பேர் முன்னாலும் நிற்க வேண்டும். அந்த ஆசைதான் என் காலை முன்னால் தள்ளியது.

காரியதரிசி என்னைக் கேட்டார். "துப்பாக்கி வேலை பார்க்க உன்கிட்ட லைசென்ஸ் இருக்கா?"

இல்லை என்றேன்.

அவர் மூடிய நோட்டைத் திறந்தார். லைசென்ஸ் உள்ள துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாத ஆளின் பட்டறையில் கொடுத்திருக்கிறார் என்றால் அது கிளப்போடு முடிகிற விஷயம் இல்லை, நான் போலீசுக்கு எழுதியே ஆக வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. அப்போதுதான் டீச்சரம்மா எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. என்னை மட்டும் காப்பாற்ற அவர் சொல்லவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துக் காப்பாற்றியிருந்தார்.

டீச்சரம்மா என் பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"உங்களை யாராவது கேட்டாளா?" என்றார்.

ரைபிளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். பட்டறைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வந்து இரண்டு லேத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இனிமேல் துப்பாக்கிச் சாமான் எதையும் தொடக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார். எனக்கு வந்த கஷ்டம் அவ்வளவுதான். டீச்சரம்மாவின் லைசென்சை அவர்கள் புதுப்பிக்கவில்லை. கிளப்பிலிருந்தும் பேரை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் சுடவே இல்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சில நாள் குளத்தங்கரையில் அவரைப் பார்ப்பேன். தோளில் பை இல்லாமல் நடந்துபோவார். நான் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்துவிடுவேன். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில், மகளை ஏற்றி வந்த ரிக்‌ஷாக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு பெரியவர் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு பழைய கதவுத் தாழ்ப்பாள். அதில் ஒரு ஆணி ஆடுகிறது என்றார். பார்த்தேன், கையாலேயே முடுக்கலாம். அதற்காக மயிலாப்பூரிலிருந்து யாரும் நடந்து வர மாட்டார்கள். அவரை முக்காலியில் உட்கார வைத்தேன். டீச்சரம்மா நோட்டுத் திருத்திய அதே முக்காலி. தாழ்ப்பாளைத் திருப்பி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்குப் போன்ல பேசினது நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

"துப்பாக்கி இப்போ ஆத்துல இல்லே. கேட்டா அலுத்துப் போச்சுங்கறா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. நீங்க அன்னிக்கு வாசல்ல நின்னுண்டு கெடுத்துட்டேளேன்னேள்." தாழ்ப்பாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாப்பது வருஷம் தந்தி ஆபீஸ்ல இருந்தேன். வந்த வார்த்தையை மாத்திக் குடுத்ததே இல்லே. நீங்க கீதுன்னேள். அதை மட்டும் இருக்குன்னு மாத்தினேன். அதனாலயா?"

மூன்று மாதமாக இந்த மனுஷர் ஒரு வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு உருட்டி உருட்டிப் பார்த்திருக்கிறார். நான் வளைத்ததை அவர் தன்னுடைய வளைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். மகள் வாயைத் திறக்காமல் மறைத்து வைத்திருப்பது அதைத்தான் என்றும் தெரிந்துவிடும்.

"அதெல்லாம் இல்லீங்க சார். மேட்ச் கீதுன்னு சொல்லத்தான் போன் பண்ணேன். நீங்க கரெக்டாதான் சொன்னீங்க" என்றேன்.

"அப்போ கெடுத்துட்டேள்னு சொன்னது?"

"அதுவா? டீச்சரம்மா என் ஸ்பேனரைப் பையில போட்டுகினு போயிட்டாங்க. வேலை நின்னு போச்சு. அந்தக் கடுப்புல ஏதோ உளறிட்டேன். மன்னிச்சுக்குங்க."

பெரியவர் என்னையே பார்த்தார். பிறகு ஸ்பேனரா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். ஸ்பேனர்தான் என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஒரு சாமானுக்காக இப்படியா கத்துவார்கள் என்று என்னைக் கண்டித்தார். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டு குடையை ஊன்றி நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி வந்தார். பழைய பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார். ஸ்பேனரைப் பற்றி மகளிடம் கேட்டேன், அலமாரியில் இருந்ததாம், கொடுக்க மறந்துபோனாளாம், உங்களிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் என்றார்.

பிரித்துப் பார்த்தேன். புத்தம் புது ஸ்பேனர். கடையில் பூசிய எண்ணெய்ப் பசைகூட இன்னும் போகவில்லை.

இதுதானே என்று பெரியவர் கேட்டார். இதேதான் சார் என்று வாங்கிக்கொண்டேன்.